அப்பா உன்னோடு கோபமாக இருக்கவில்லை

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

வாணி,

சுகம் விசாரித்து எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதமும் என்னுடைய மற்றக் கடிதங்களைப் போல மழை, தேங்காய், தைத்துக் கொடுத்த சட்டைகள் என்று எதையாவது சொல்லி முடிந்துவிடும். இருபது வருஷமாக அப்படித்தான் உனக்கு எழுதி வருகிறேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன புதன்கிழமை நீங்கள் இங்கே வந்து நின்றுவிட்டு, கொழும்புக்குத் திரும்ப நீ பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது உன் கணவர் அலுமாரியிலிருந்த அப்பாவின் படத்தை எடுத்துப் பார்த்து, மாமா எப்படிப்பட்டவர் என்று உன்னிடம் கேட்டார். நீ ஒரு சேலையை மடித்தபடியே பதில் சொன்னாய். “அப்பா எண்டா எனக்கு அவற்ர கோவம்தான் ஞாபகம். என்னில அவருக்கு என்னவோ ஒரு கோவம். கடைசி மட்டும் அது போகேல்லை.” நீ அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் குசினியில் நின்று அதைக் கேட்டேன். வெளியே வந்து ஏதாவது சொல்வேன் என்று எனக்கே ஒரு எண்ணம் இருந்தது. வந்து, தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டேன்.

அப்பா ஒரு நாளும் உன்னோடு கோபமாக இருக்கவில்லை. அவருக்கு உன்னில் கோபம் என்று உனக்குச் சொன்னவள் நான். அது பொய். நீ இன்னும் இரண்டு கிழமையில் நைஜீரியாவுக்குப் போகிறாய். அங்கே உன் பாஷை தெரியாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போகிறாய். நீ விமானம் ஏறுவதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால் பிறகு எப்போது சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. எனக்கும் ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

உனக்கு அடிபட்ட அப்பாவைத்தான் தெரியும். அதற்கு முந்திய ஆளை நீ கொஞ்சம் மறந்திருப்பாய். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன வருஷம் நீ பிறந்தாய். அந்த வருஷம் எத்தனையோ பேருக்கு இங்கே வேலை போனது. அப்பாவுக்குப் போகவில்லை, அதற்குக் காரணம் அவருடைய குரல். தேயிலை ஏற்ற வரும் கப்பல்களில் கிடங்கின் வாயருகே ஒருவர் நிற்பார். கீழே பெட்டிகளை அடுக்குகிறவர்களுக்கும் மேலே பாரம் தூக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்கும் நடுவில் அவர்தான் கண்ணும் வாயும். தூக்கு, இறக்கு, நிறுத்து என்று அவர் கூப்பிடுவதை வைத்துத்தான் பாரம் ஏறும், இறங்கும். அப்பாவுக்கு அந்த வேலை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அவர் குரல் விஞ்ச் சத்தத்துக்கு மேலால் கேட்கும் என்று சொல்வார்கள். வீட்டிலும் அப்படித்தான் கதைப்பார். நான் வெட்கப்பட்டு, “மெல்லக் கதையுங்கோ, தெருவெல்லாம் கேக்குது” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். வாய் ஓயாமல் கதைக்கும் மனிதர். அவர் கதைப்பதை நிறுத்தமாட்டாரா என்று நான் அலுத்துக்கொண்ட நாட்களும் உண்டு.

சூறாவளி அடித்ததற்கு முந்திய வருஷம், உனக்கு ஆறு வயது, தூக்கிய பாரம் ஒன்று காற்றில் சுழன்று வந்து அவருடைய தலையின் இடது பக்கத்தில் அடித்தது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்தபோது வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது. சொற்கள் எல்லாம் போய்விட்டன. ஒரேயொரு சொல்தான் வாயில் மிஞ்சியிருந்தது. “போச்சு.” தண்ணீர் வேண்டுமென்றாலும் போச்சு. வெயில் சுடுகிறதென்றாலும் போச்சு. என்னைக் கூப்பிடுவதென்றாலும் அதுதான். அவர் என்ன நினைத்துச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும், வாயில் வருவது மட்டும் அந்தச் சொல். நான் அதைக் கேட்கும்போதெல்லாம் அழுதேன். வீட்டுக்குள் ஒரு மனிதர் காலையிலிருந்து இரவு மட்டும் போச்சு, போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பெண் அழாமல் இருப்பாள்?

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தியவர். மூளையில் கதைக்கிற இடத்தில்தான் அடி பட்டிருக்கிறது, அந்த இடம் இனித் திருந்தாது, ஆனால் மூளை சும்மா இருக்காது, பக்கத்து இடங்கள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும் என்றார். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “அவர் ஒரு சொல்லைச் சொல்லிப் பாக்கேக்க, சரியோ பிழையோ எண்டு உங்கட முகத்தைத்தான் பாப்பார். பிழையாச் சொன்னாலும் முகத்தைச் சுழிக்காதேங்கோ. பயந்த மூளை பழகாது.” நான் தலையாட்டினேன். கோபப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு அது விளங்கியது. எனக்கு அவரில் என்ன கோபம்? அழுகைதான் வந்தது. அழுகிற முகத்தைப் பார்த்தும் ஒரு மூளை பயந்துபோகும் என்று எனக்கு அப்போது தெரியாது.

நீ அழவில்லை. உனக்கு அது ஒரு விளையாட்டாகப் போய்விட்டது. அந்த வருஷம் நீ முதலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கதிரையில் ஏறி இருப்பாய். அப்பா கீழே பாயில் இருப்பார். நீ ரீச்சர், அவர் பிள்ளை. படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்பாய். முதல் நாள் மான் படம். அவர் வாயைத் திறந்து நெடுநேரம் முக்கி, “போச்சு” என்றார். நான் குசினிக்குள் போய்விட்டேன், கேட்க ஏலாமல். நீ சிரித்தாய். கெக்கலித்த சிரிப்பு இல்லை, ஏதோ கண்ணாமூச்சியில் ஆளைக் கண்டுபிடித்த மாதிரிச் சிரிப்பு. “கிட்ட வந்திட்டியள் அப்பா. இன்னொருக்காச் சொல்லுங்கோ.” உன் வகுப்பு ரீச்சர் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்வாளாம், பிழையாகச் சொன்னால் பிழை என்று சொல்லாமல், கிட்ட வந்துவிட்டாய் என்று. போச்சுக்கும் மானுக்கும் என்ன கிட்ட? ஆனால் அப்பாவும் சிரித்தார். அடிபட்ட பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ “மா” என்றார். நீ கதிரையில் எழும்பி நின்று கை தட்டினாய். அடுத்த கிழமை அவர் மான் என்று முழுதாகச் சொல்லிவிட்டார்.

இரண்டு மாதத்துக்குள் இருபது, இருபத்தைந்து சொல் வந்துவிட்டது. நான் அதை உன்னிடமிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன், ஏனென்றால் எனக்கு முன்னால் அவருக்கு ஒன்றும் வராது. பகலில் நீ பால் என்ற சொல்லைப் படிப்பித்திருப்பாய், குசினியிலிருந்து என் காதாலேயே கேட்டிருப்பேன். பின்னேரம் பால் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, இது என்ன, சொல்லுங்கோ என்பேன். அவர் கோப்பையைப் பார்க்கமாட்டார். என் கண்ணைப் பார்ப்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு வினாடி, இரண்டு வினாடி. என் முகம் மாறத் தொடங்குவது எனக்கே தெரியும். உடனே அவர் வாய் மூடிவிடும். “மத்தியானம் பிள்ளைக்குச் சொன்னனீங்கள்தானே, எனக்குச் சொன்னா என்ன?” என்று கேட்பேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவார். வாணி, அவர் வேண்டுமென்றே எனக்கு மறைக்கிறார் என்று நினைத்தேன். எட்டு வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் தராத சொல்லை ஆறு வயதுப் பிள்ளைக்குத் தருகிறார் என்று நினைத்தேன். பெற்ற பிள்ளையில் பொறாமைப்பட்டவள் உன் தாய். இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த நேரம் கப்பல் வேலைக் கந்தோரிலிருந்து ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். துறைமுகத்துச் சாமான் கொட்டில் ஒன்றுக்கு வாசல் காவலுக்கு ஆள் வேண்டும், அவரைப் போடலாம், ஆனால் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து அவரைப் பார்த்த பிறகுதான். பெரிதாக ஒன்றும் தேவையில்லை. கேட்டால் தன் பேரைச் சொல்ல வேண்டும். யாராவது வந்தால் “ஆர் அது?” என்று கேட்க வேண்டும். நீ இரண்டையும் படிப்பிக்கத் தொடங்கினாய். அவர் பேரை நீ படிப்பித்த விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். நடராசா என்பதை இரண்டாக உடைத்தாய். நட என்று சொல்லி அறைக்குள் நடப்பாய். ராசா என்று சொல்லித் தலையில் கிரீடம் இருப்பதுபோலக் கையை வைப்பாய். அவரும் எழும்பி உனக்குப் பின்னால் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். நட, ராசா. நட, ராசா. மற்றதற்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று தட்டுவாய். அவர் “ஆர்து?” என்று கேட்டதும் ஓடி வந்து, “நான்தான் அப்பா” என்பாய். பத்து நாளில் இரண்டும் வந்துவிட்டன.

அதிகாரி வருகிற அன்று நான் உன்னைக் குளிக்கவார்த்துப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒரு பெரிய மனிதர் வந்திருக்கும் நேரத்தில் நீ தலையில் கையை வைத்துக்கொண்டு ராசா, ராசா என்று நின்றால் அப்பாவைப் பைத்தியம் என்று நினைப்பார் என்று பயந்தேன். அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிவிட்டேன். நல்ல கதிரையில் இருத்தினேன். அந்த அதிகாரி தங்கமான மனிதர். அவசரப்படாமல், குனிந்து, உங்கட பேர் என்ன என்று கேட்டார். அப்பா முதலில் கதவைப் பார்த்தார். நீ அங்கே இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். நான் கை இரண்டையும் கோத்துப் பிடித்தபடி, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகம் அப்போது எப்படி இருந்ததோ, எனக்குத் தெரியாது. அவருக்குத்தான் தெரியும். “போச்சு” என்றார். அதிகாரி இன்னொரு தரம் கேட்டார். “போச்சு, போச்சு.” பரவாயில்லை, பிறகு பாப்பம் என்று அந்த மனிதர் எழும்பி, அவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார். பிறகு யாரும் வரவில்லை.

அந்த அதிகாரியின் ஜீப் திரும்பும் சத்தம் கேட்டு நீ வேலியால் புகுந்து ஓடி வந்தாய். “அப்பா, சொன்னனீங்களோ?” அவர் உன்னைப் பார்த்தார். கதிரையில் நிமிர்ந்து இருந்து, “நடராசா” என்றார். ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தப் பழைய குரல் கொஞ்சம் அதற்குள் இருந்தது. நான் உன்னை அடித்தேன். அதற்கு முன் உன்னில் கை வைத்ததில்லை. கன்னத்தில் அடித்துவிட்டு, “அப்பாவை வைச்சு விளையாடினது காணும், நிப்பாட்டு” என்று சொன்னேன். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்பா எழும்பி வந்து நடுவில் நின்றார். நிற்க ஏலாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை உன்னைக் கட்டைபறிச்சானுக்குக் கொண்டுபோனேன், பெரியம்மா வீட்டில் விட. ஊருக்கெல்லாம் ஒரு காரணம் சொன்னேன். வருமானம் இல்லை, நான் தையல் வேலை தொடங்க வேண்டும், இரண்டு பேரை ஒன்றாகப் பார்க்க ஏலாது. அதில் பொய் இல்லை, ஆனால் அது காரணமும் இல்லை. நீ இல்லாவிட்டால் அவர் என்னிடம்தானே கதைக்க வேண்டும் என்று நினைத்தேன். நாம் புறப்படும்போது அப்பா வாசல் படலையடிக்கு வந்தார். உன் உடுப்புப் பையைக் கண்டதும் விளங்கிவிட்டது. “போச்சு, போச்சு” என்று கத்தினார். ஒரு பக்கம் இழுத்த முகம் அழும்போது கோபப்பட்ட முகம் மாதிரித்தான் இருக்கும். நீ பயந்துபோய் என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். மூதூர் போகும் லோஞ்சியில் ஏறினோம், படகு துறைமுக வாயைத் தாண்டியது. பிறகு கேட்டாய். “அப்பா என்னோட கோவமோ அம்மா?” நான் தண்ணீரைப் பார்த்தபடி, “ஓம். அவர்தான் உன்னைக் கொண்டுபோய் விடச் சொன்னவர்” என்றேன். அப்படிச் சொன்னால் நீ திரும்பிப் போகவேண்டுமென்று அழமாட்டாய் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். நீ அழவில்லை.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். உன் பழைய புத்தகத்தை எடுத்து வைத்து நான் படிப்பிக்கப் பார்த்தேன். மூன்று மாதம் விடாமல் பார்த்தேன். இருந்த சொற்களும் ஒவ்வொன்றாகப் போயின. பால் போனது, மான் போனது, தன் பேர் போனது. வெயில் சரிந்ததும் அவர் தானாக எழும்பிப் படலையைப் பார்க்கிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருப்பார். ஒரு சொல் புதிதாகச் சொல்லத் தொடங்கினார். “வா.” நீ படிப்பிக்காத சொல் அது, நானும் படிப்பிக்கவில்லை. வா என்று கூப்பிட்டாரா, வாணி என்று சொல்ல வெளிக்கிட்டு அதோடு நின்றுபோனாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுதானே. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவால் போகும் நேரத்தில்தான் அதைச் சொல்வார். இதை நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தபாலட்டையில் இரண்டு வரி எழுதியிருந்தால் போதும். அப்பா உன்னைத் தேடுகிறார். நான் எழுதியதெல்லாம் இவ்வளவுதான்: நன்றாகப் படி, பெரியம்மாவுக்கு உதவி செய், குழப்படி பண்ணாதே.

ஒரு நாள் நான் சன்னலைப் பார்த்தபடி மெஷினில் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்குப் பின்னால் இருந்தார். நூல்கட்டை ஒன்று விழுந்து உருண்டது. நான் திரும்பாமலே, அதை எடுங்கோ, அது என்ன என்று ஏதோ நினைவில் கேட்டேன். “நூல்” என்றார். நான் துள்ளித் திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாய் மூடிக்கொண்டது. அதன் பிறகு ஏழெட்டு நாள் கழித்து, இன்னொரு தரம், நான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தபோது, “துணி” என்றார். அன்று நான் திரும்பவில்லை. மெஷினையும் நிறுத்தவில்லை. “ஓம், துணிதான்” என்றேன். அன்றைக்குத்தான் அந்த டொக்டர் சொன்னது எனக்கு விளங்கியது. அவருக்கு என்னில் பாசம் இல்லாமல் இல்லை. என் முகத்தில் தன்னுடைய தோல்வியைத் திரும்பத் திரும்பப் பார்த்து அந்த மனிதர் களைத்துப்போயிருந்தார். பிறகு அவரோடு கதைப்பதென்றால் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கதைத்தேன். அப்படி முப்பது, நாற்பது சொல் திரும்பி வந்தது. ஒரு பெண் தன் புருஷனுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி தன் முகத்தைக் காட்டாமல் இருப்பது என்று ஆகிவிட்டது எனக்கு.

அதே நேரம் அங்கே உனக்கு என்ன நடந்ததென்று பெரியம்மா சொல்லித்தான் தெரியும். உன் வகுப்புக்கு மூதூரிலிருந்து ஒரு முஸ்லிம் வாத்தியார் வந்து படிப்பித்தார். அவர் பெரியம்மாவிடம் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார். “இந்தப் பிள்ளை எழுதுறா, கணக்குச் செய்யிறா, எல்லாம் சரி. வாசிக்கச் சொன்னா மட்டும் என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறா. நான் கோவமோ எண்டு தேடுற மாதிரி. ஆரம்மா இந்தப் பிள்ளையைப் பயப்படுத்தினது?” எனக்குத் தெரியும். அந்த வாத்தியார் நீ வாசிக்கும்போது சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பாராம், நீ முடித்ததும், “நல்லா இருந்திச்சு” என்று மட்டும் சொல்வாராம். அவர் புண்ணியத்தில் நீ வாய் திறந்தாய். நீ இன்றைக்கு ரீச்சராக இருப்பதற்கு அந்த மனிதர்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

சூறாவளியில் பெரியம்மாவின் கூரை போனதும் உன்னைத் திரும்பக் கூட்டி வந்தேன். அது எனக்குக் கடவுள் தந்த சந்தர்ப்பம். அதையும் விட்டேன். நீ வாசலில் நின்றாய். அப்பா உன்னைக் கண்டார். ஒன்றரை வருஷம் வா, வா என்று கூப்பிட்ட மனிதருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு சொல்லும் வரவில்லை. முகம் கோணி, கண்ணீர் வடிந்து, “போச்சு, போச்சு” என்று கையை நீட்டினார். நீ இரண்டு அடி பின்னுக்குப் போனாய். அப்பாவுக்குச் சந்தோஷம் பிள்ளை, அவர் சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று ஒரு வசனம் நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்படியென்றால் லோஞ்சியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீ கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து, “போய் உடுப்பை மாத்து” என்றேன். ஏழரை வயதுப் பிள்ளைக்குப் பயந்தவள் நான்.

அதற்குப் பிறகு நீ கண்டது வேறு ஒரு வீடு. அம்மா அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தைக்கிறாள், முகம் கொடுத்துக் கதைக்கிறாளில்லை. அப்பா பேசாமல் இருக்கிறார். தன்னால்தான் இரண்டு பேரும் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். பெரியபிள்ளையான பிறகு ஒரு தரம், நீங்கள் ரெண்டு பேரும் ஏன் சண்டை பிடிச்சனீங்கள் என்று என்னிடம் கேட்டாய். நாங்கள் சண்டை பிடிக்கவில்லை, வாணி. முதுகைத் திருப்பியதுதான் நான் அவரோடு கதைத்த கதை. நீயோ புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போய்ப் படிப்பாய். அவர் கதிரையைப் பின் வளவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் உங்கள் இரண்டு பேருக்கும் இடையில். ஒரே ஒரு வசனம் சொன்னால் விழுந்துவிடும் சுவரை நான் நாலு வருஷம் காவல் காத்தேன்.

கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு இரண்டாம் தரம் மூளையில் இரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு நேரே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். அவருக்கு அறிவு இருந்தது. கண் உன்னில்தான் இருந்தது, இடது கை விரல்கள் படுக்கையில் அசைந்தன. நீ கிட்டப் போகவில்லை. போகலாமா என்று கேட்கிற மாதிரி என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய். நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு தரம் தலையை அசைத்திருந்தால் நீ போயிருப்பாய். உன் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நிலத்தில் சிந்திக் கிடந்த மருந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ பார்த்துப் பார்த்து, கடைசியில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டாய். அன்று பின்னேரம் அவர் போய்விட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆட்களில் ஒருவர் அன்றோடு முடிந்தார்.

இதையெல்லாம் உன் மனதைக் குழப்புவதற்கு எழுதவில்லை. நீ போகிற இடத்தில் பிள்ளைகளுக்கு உன் பாஷை தெரியாது, உனக்கு அவர்களுடைய பாஷை தெரியாது. முதல் கொஞ்ச மாதம் அவர்கள் வாசிக்கப்போகும் ஒரே புத்தகம் உன் முகம். பிழை விட்ட பிள்ளை உன்னை நிமிர்ந்து பார்க்கும். அந்த ஒரு வினாடியில் என்ன காண்கிறதோ அதை வைத்துத்தான் இன்னொரு தரம் முயற்சி செய்வதா, வாயை மூடிக்கொள்வதா என்று முடிவு செய்யும். கோபம் மட்டும்தான் பிள்ளையைப் பயப்படுத்தும் என்று நினையாதே. கவலையும் பயப்படுத்தும். ஆசை கூடினாலும் பயப்படுத்தும். உனக்கு ஏலாத நாளில் உன் வாத்தியாரைப் போல வெளியே பார்த்துக்கொண்டு நில். ஆனால் நீ ஆறு வயதில் செய்ததை விட நன்றாக யாரும் உனக்குச் சொல்லித் தர முடியாது. செத்துப்போன மூளைக்குப் பக்கத்தில் இருபத்தைந்து சொல்லை முளைக்க வைத்தவள் நீ. பெரிய டொக்டரால் ஏலாதது அது. நீ அப்பாவைக் கெடுக்கவில்லை. அவரை வைத்து விளையாடவுமில்லை.

வெள்ளிக்கிழமை காலமை ரெயிலில் கொழும்புக்கு வருகிறேன். இந்தக் கடிதம் அதற்கு முன் உன் கைக்குக் கிடைக்கும். ஸ்ரேசனுக்கு நீ வரவேண்டுமென்று இல்லை, நீ வராவிட்டால் நான் அப்படியே அடுத்த ரெயிலில் திரும்பிவிடுவேன். வந்தாயென்றால் என்ன கேட்க வேண்டுமோ கேள். கத்த வேண்டுமென்றால் கத்து, நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும். நான் தண்ணீரையோ நிலத்தையோ பார்க்கமாட்டேன். உன் முகத்தில் என்ன இருந்தாலும் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அம்மா